வைட்டமின் டி மேல் ஏன் இத்தனை பழி?

இப்போதெல்லாம் எந்த நோயைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "வைட்டமின் டி பார்த்தீங்களா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். களைப்பு, முடி கொட்டுவது, மனச்சோர்வு, சர்க்கரை, இதயம், புற்றுநோய் என எல்லாவற்றிலும் அதுதான் முதல் குற்றவாளி. பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டிலும் பெரும்பாலும் குறைவு என்றே வரும். அப்புறம் என்ன, வழக்கு முடிந்தது.

நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர் வெயிலுக்கு எங்கே போவார்? உடல் பருமன் இருந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். உடலில் அழற்சி இருந்தாலும் இறங்கும். குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை எப்படிச் சொல்லும்? மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த 'வைட்டல்' ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2022இல் வந்த அடுத்த முடிவில் எலும்பு முறிவுகூடக் குறையவில்லை! தன்னுடல் தாக்கு நோய்கள், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்கள், மட்டும் 22 சதவீதம் குறைந்திருந்தன. அது கவனிக்க வேண்டிய விஷயம், மறுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலிலேயே போதுமான அளவு இருந்தது. நிஜமாகவே கடுமையான குறைபாடு இருந்தால் கதை வேறு. குழந்தைகளுக்கு எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிப்பது. அங்கே இந்த மாத்திரை நிஜமான மருந்து.

சரி, கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழாமல், எலும்பு முறியாமல் காப்பாற்றத்தான். 2010இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகம் முறிந்தது. இது கொழுப்பில் சேர்ந்து தங்கும் சத்து. வைட்டமின் சி மாதிரி மிச்சம் சிறுநீரில் போய்விடாது. வாரம் ஒன்று என்று எழுதித் தந்ததைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2024இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன் மருத்துவ) சங்கமே சொல்லிவிட்டது. குழந்தைகள், கர்ப்பிணிகள், 75 தாண்டியவர்கள் பரிசோதனை இல்லாமலேயே மிதமான அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

எனக்குக் கோபம் மாத்திரை மேல் இல்லை. களைப்பு என்று போனால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று பார்க்க வேண்டியவை எவ்வளவோ. ரிப்போர்ட்டில் 'டி குறைவு' என்று வந்ததும் அந்தத் தேடல் அப்படியே நின்றுவிடுகிறது. சில மாதம் சாப்பிட்டும் களைப்பு போகவில்லையா? டோஸைக் கூட்டச் சொல்லாதீர்கள். இன்னும் எதைப் பார்க்கவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.