லூவர் பிரமிடில் எத்தனை கண்ணாடிகள்?

பாரிஸ் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் இருக்கும் கண்ணாடிப் பிரமிடில் சரியாக 666 கண்ணாடிகள் உள்ளன என்று ஒரு நண்பர் பகிர்ந்திருக்கிறார். எங்கள் மும்பை மாட்டுங்கா குடும்பக் குழுவிலும் இதே செய்தி இரண்டு முறை வந்துவிட்டது. அருங்காட்சியகம் தரும் எண்ணிக்கை 673.

யாரையும் நம்ப வேண்டாம், நீங்களே எண்ணலாம். வாசல் இல்லாத ஒரு பக்கத்தை நேராக எடுத்த, பெரிதாக்கினாலும் மங்காத படம் ஒன்று போதும். அடி வரிசையில் 18 முக்கோணங்கள். அதற்கு மேல் சாய்சதுரங்கள் 17, 16, 15 என்று குறைந்துகொண்டே போய் உச்சியில் ஒன்றில் முடியும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. 17 முதல் 1 வரை கூட்டினால் 153. முக்கோணங்களைச் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 171, மூன்று பக்கங்களுக்கு 513. நுழைவாயில் உள்ள நான்காவது பக்கத்தில் கதவுக்காக 11 கண்ணாடிகள் குறைவு, ஆகவே 160. மொத்தம் 673.

ஐ. எம். பெய் வடிவமைத்து 1989இல் திறக்கப்பட்ட இந்தப் பிரமிடு பழைய அரண்மனைக்குப் பொருந்துகிறதா என்பது வேறு விவாதம். எனக்குப் பிடிக்கும்.