ஏஸ அவ்வளவு அவசரமா போட்டு என்னத்த பிடிச்சீங்க அண்ணே?

ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துல இருந்து கொதிச்சுக்கிட்டு கெடக்கேன், இன்னைக்கு புதன், இன்னும் அடங்கல. வீட்ல சொன்னா "சீட்டுதான, விடுங்க"ன்னு போயிடுறாங்க. பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுறவங்க யாராவது படிச்சா புரியும், அதான் இங்க கொட்டுறேன்.

மார்த்தாண்டத்துல நாங்க ஒரு பத்து பன்னெண்டு பேர் ஒரு மாடி ரூம்ல வாராவாரம் ஆடுவோம். போன ஞாயிறு பாறசாலையில இருந்து ஒரு டீம் வந்திருந்தாங்க, நாலு பேருக்கு நாலு பேர், ரெண்டு மேசை, ஒரே மாதிரி பிரிச்ச சீட்டுதான் போர்டுங்கற தட்டுல வச்சு ரெண்டு மேசையிலயும் ஓடும். இத மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத்தான் வருவேன்.

என் பார்ட்னர் என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்புடுவேன், மனுசன் தங்கம். ஆனா கையில சீட்டு வந்துட்டா நிதானம்னு ஒன்னு கெடையாது. அவரு பெரிய சீட்டுக்கு எண்ணுற பாயின்ட் 15 வச்சு ஒன் நோ ட்ரம்ப்னு ஏலம் சொன்னாரு, என்கிட்ட 10, நான் நேரா த்ரீ நோ ட்ரம்ப் போட்டேன், அதாவது துருப்பு இல்லாம 13 சுத்துல 9 சுத்து (ட்ரிக்) நாங்க எடுக்கணும். வல்னரபிள் வேற, ஜெயிச்சா பரிசும் தோத்தா அபராதமும் கூட. அண்ணனுக்கு இடது பக்கத்துக்காரர் இஸ்பேட் 5 எறக்குனாரு, நான்தான் டம்மி, என் சீட்ட மேசையில தொறந்து விரிச்சேன், ரெண்டு கையையும் அண்ணன்தான் ஆடுவாரு. டம்மில இஸ்பேட் 7, 4. அண்ணன் கையில ஏஸ், 6, 2. அவரு சொல்ல நான் 4 போட்டேன், வலது பக்கம் ராணி விழுந்துச்சு, விழுந்த சத்தம் அடங்கல, அண்ணன் டப்புன்னு ஏஸ தூக்கிப் போட்டுட்டாரு. ரெண்டு செகண்ட் இருக்குமா? இருக்காது.

அங்கயே போச்சு. எல்லாமே அங்கயே போச்சு. மீதி 12 ட்ரிக் ஆடுனது சும்மா.

எண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? இஸ்பேட் ஏஸ் 1, ஆர்ட்டின்ல ஏஸும் ராஜாவும் 2, கிளாவர்லயும் அதே மாதிரி 2, டைமன் ஏஸ் 1, ஆக கையில உறுதியா இருக்கது 6. வேண்டியது 9. பாக்கி 3 எங்க இருந்து வரும், டைமன்ல இருந்துதான் வரும், டம்மில ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 5 வரிசையா நிக்குது, அண்ணன் கையில 9, 8, 3. ராஜாதான் இல்ல. 9ப் போட்டு ஃபினெஸ் பண்ணணும், அதாவது டம்மில ஏஸப் போடாம 9ஐ ஓட விட்டுப் பாக்கணும், ராஜா இடது பக்கம் இருந்தா மாட்டும், வலது பக்கம் இருந்தா அவரு ஒரு ட்ரிக் எடுப்பாரு. எடுக்கட்டுமே, எடுத்தாலும் டைமன்ல நமக்கு 4 வந்துரும், மொத்தம் 9 ஆச்சு. பயப்பட வேண்டியது ஒன்னே ஒன்னுக்குத்தான், ராஜாவ வச்சு உள்ள வர்ற வலது பக்கத்துக்காரர் கையில திருப்பி ஆட இஸ்பேட் இருக்கக் கூடாது.

அத இல்லாம ஆக்குறதுக்குத்தான்யா ஏஸ பிடிச்சு வைக்கிறது. முதல் இஸ்பேட்ட விடு, ரெண்டாவதையும் விடு, மூணாவதுல ஏஸ் போடு. கணக்கு கூட கஷ்டமில்ல, ரெண்டு கையிலயும் சேத்து அந்த ஜாதி எத்தன இருக்கோ அத 7ல இருந்து கழிச்சா எத்தன தடவ விடணும்னு வந்துரும், இங்க 5 இருக்கு, அப்ப 2 தடவ. இடது பக்கத்துக்காரர் எறக்குனது அவரு இஸ்பேட்ல நாலாவது பெரிய சீட்டுன்னு வச்சுக்கிட்டா 11ல இருந்து 5 போனா 6, அந்த 5க்கு மேல உள்ள சீட்டு டம்மி, நம்ம கை, வலது பக்கம் மூணுலயும் சேத்து 6 இருக்கணும், நம்மகிட்ட 7, ஏஸ், 6ன்னு 3 இருக்கு, மீதி 3 வலது பக்கத்துல. அப்ப இடது பக்கம் 5, வலது பக்கம் 3ன்னு இருக்க வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஒருவேள 4-4ஆ இருந்தா அவங்களுக்கு இஸ்பேட்ல மொத்தமே 3தான், டைமன் ராஜாவோட 4, அப்பவும் நமக்கு 9 உண்டு. எப்படிப் பாத்தாலும் ரெண்டு தடவ விட்டா ராஜா எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த ஆட்டம் நிக்கும்.

அண்ணன் என்ன பண்ணாரு, ஏஸ செலவழிச்சுட்டு டைமன் 9 போட்டாரு, வலது பக்கம் ராஜா, உடனே இஸ்பேட் 10 திரும்பி வந்துச்சு, அப்புறம் 9, அத ஜாக்கியில வாங்கி ராஜா, 8ன்னு இடது பக்கத்துக்காரர் உருவிட்டாரு. இஸ்பேட்ல 4, டைமன்ல 1, அஞ்சு ட்ரிக் போச்சு. ஒன் டவுன், ஒரு ட்ரிக் கொறஞ்சு தோத்தோம்.

இதெல்லாம் நடக்கும்போது நான் டம்மி. டம்மி ஆட்டத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது, மூஞ்சியில கூட காட்டக் கூடாது, சட்டம் அது. தப்பான கையில இருந்து ஆடப் போறது மாதிரி விதி மீறல் நடக்காம தடுக்கலாம், ஆட்டம் எப்படி ஆடணும்னு சொல்லக் கூடாது. ராணி விழுந்த அந்த நேரத்துல "அண்ணே நில்லுங்க"ன்னு நெஞ்சுக்குள்ள கத்துறேன், வெளிய சொல்ல முடியல, விரல் நகத்த மேசைக்கடியில அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், அந்த வேதனைய ஆடுனவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். எங்க எல்லைப் பக்கம் எல்லாரும் சின்னதுல 28ங்கற சீட்டாட்டம் ஆடித்தான் சீட்டு படிக்கிறோம், நானும் அப்படித்தான். ஜாக்கிக்கு 3, ஒம்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்னு, பெரிய சீட்ட கையில வச்சுக்கிட்டு யோசிச்சா எவனாவது துருப்பு போட்டு வெட்டிட்டுப் போயிருவான், அதனால கெடச்ச எடத்துல பிடிச்சுரணும். அங்க அது சரி. ஆனா நோ ட்ரம்ப்ல வெட்டுறதுக்கு துருப்பே இல்லையே அண்ணே! உங்க ஏஸ யாரு தூக்கிட்டுப் போகப் போறா? மூணாவது சுத்துலயும் அது ஏஸ்தான.

இது ஒரு நாள் கூத்தும் இல்ல. ரெண்டு மாசம் முன்ன கையில கிளாவர் ஏஸ், ராணி ரெண்டே சீட்டு, டம்மில ராஜா, ஜாக்கி, 10, 9, 5, டம்மிக்குப் போக வேற வழியே கெடையாது. ஏஸ் எடுத்துட்டு ராணி மேல ராஜாவப் போட்டு வாங்குனா அஞ்சு ட்ரிக்கும் வரும். அண்ணன் ராணியிலயே ட்ரிக்க எடுத்துட்டாரு, நான் விரிச்சு வச்ச ராஜாவும் ஜாக்கியும் பத்தும் கடைசி வரைக்கும் அங்கயே செத்துக் கெடந்துச்சு. சாவியில்லாத பெட்டி மாதிரி. அன்னைக்கும் ஒன்னும் சொல்லல.

ஆனா ஞாயித்துக்கெழமை என்னால பொறுக்க முடியாம போனது தோத்ததுக்கு இல்ல. முடிஞ்சதும் சீட்ட வச்சுட்டு "ராஜா தப்பான பக்கம் இருந்துச்சு, லக்கு இல்ல"ன்னாரு. லக்கா? அடுத்த மேசையில அதே சீட்டு, அதே த்ரீ நோ ட்ரம்ப், அதே இஸ்பேட் 5, பாறசாலைக்காரர் ரெண்டு தடவ விட்டு மூணாவதுல ஏஸ் போட்டு, அதே தப்பான பக்கத்துல அதே ராஜாவுக்கு டைமன குடுத்துட்டு 9 எடுத்து 600 எழுதியிருக்காரு. நாங்க மைனஸ் 100. வித்தியாசம் 700, ஒரே போர்டுல 12 இம்ப் (ஸ்கோர் வித்தியாசத்த வச்சு டீம் ஆட்டத்துல குடுக்குற பாயின்ட்) போச்சு. அவர்கிட்ட கேட்டேன், டம்மி விரிச்சதும் அரை நிமிசம் சீட்டத் தொடவே மாட்டேன், எண்ணி முடிச்சப்புறம்தான் கை போகும்னாரு.

அரை நிமிசம்! அத தர மாட்டேங்குறாரே மனுசன். எதிராளி முகத்தப் பாத்து ராஜா எங்கன்னு கண்டுபிடிங்கன்னா நான் கேக்குறேன்? ஆறுல இருந்து ஒம்பதுக்கு எப்படிப் போகப் போறோம்னு எண்ணுங்கன்னு கேக்குறேன், பாங்குல கணக்குப் பாத்து ரிட்டயர் ஆனவருக்கு இது முடியாதா?

குழித்துறை வரைக்கும் ஒரே பஸ்ல வந்தோம். ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு, எறங்குற வரைக்கும் "அந்த டைமன் ராஜா மட்டும் இந்தப் பக்கம் இருந்திருந்தா தம்பி"ன்னே சொல்லிட்டு வந்தாரு. எறங்கும்போது நான் கேட்டுட்டேன், "அண்ணே, இஸ்பேட் ஏஸ ஏன் முதல்லயே போட்டீங்க?" கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. "ராணி விழுந்துச்சுல்ல, வேற என்ன போட?"ன்னாரு.