ரிங் ரோடு வரும் பின்னே, சைட் போர்டு வரும் முன்னே

கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் நானும் ரசித்துத்தான் வண்டி ஓட்டுகிறேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் திறந்தார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 177 கோடி. சரி, ஊருக்குள் வேறு வழியில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

பாலத்தை விட்டிறங்கி நீலாம்பூர் போய்ப் பாருங்கள். சேலத்திலிருந்து அகலமாக வரும் சாலை அங்கே இருவழி பைபாஸாகச் சுருங்கி, சுமார் 28 கிலோமீட்டர் தள்ளி மதுக்கரையில்தான் மறுபடி விரிகிறது. உடுக்கை மாதிரி. கேரளா போகும் லாரிகள் கோவைக்குள் வராமலிருக்கப் போட்ட சாலை, கூடவே சுங்கமும் கட்டினோம்.

அதை அகலப்படுத்தினால் மட்டும் போதுமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. சின்ன வயதில் அப்பாவோடு பைக்கில் போகும்போது இரு பக்கமும் சோளக்காடுதான். இன்று மண்டபம், பேக்கரி, குடோன், லேஅவுட் என்று ஒவ்வொன்றும் நேராக பைபாஸிலேயே வாசல் வைத்திருக்கிறது. சிந்தாமணிப்புதூரில் திருச்சி ரோடு வந்து குறுக்கிடுகிறது, ஈச்சனாரியில் பொள்ளாச்சி ரோடு. எங்கள் பெரியப்பாவே 'பைபாஸ் பேஸிங்' என்று சொல்லித்தான் காட்டை நல்ல விலைக்கு விற்றார். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணமும் நடந்தது. ஆகவே ரொம்ப யோக்கியன் மாதிரி பேச எனக்கு வாயில்லை.

இப்போது மேற்குப் பக்கம் ரிங் ரோடு. மதுக்கரை அருகே மயில்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32.43 கிலோமீட்டர், மூன்று கட்டங்கள். முதல் கட்டம் மாதம்பட்டி வரை 11.8 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி போகிறவர்கள் உக்கடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. தாமதமாக வந்தாலும் தேவையான செலவு, மனதார வரவேற்கிறேன்.

ஆனால் தார் போடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. மெயின் ரோட்டை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டுக்கும், மாடும் டிராக்டரும் அடியில் கடந்து போகும் பாலங்களுக்கும் இப்போதே நிலம் எடுத்து வைக்க வேண்டும். நிலம் கொடுத்த விவசாயி ஒரு டீக்கடை போட்டுக்கொள்ளக் கூடாதா என்பார்கள். தாராளமாகப் போடட்டும், வாசல் சர்வீஸ் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். மெயின் ரோட்டில் வாசல் திறக்கும் கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் கொடுக்காமலிருக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கொடுத்துவிட்டால், அப்புறம் அங்கேயும் கிலோமீட்டருக்கு நூறு கோடிக் கணக்கில் பாலம்தான்.

போன மாதம் மாதம்பட்டிப் பக்கம் மனை விற்கும் ஒரு சைட் போர்டு பார்த்தேன். அதிலிருந்த நம்பருக்குச் சும்மா போன் போட்டு, ரிங் ரோட்டிலிருந்து உள்ளே வர சர்வீஸ் ரோடு உண்டா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க? நேரா மெயின்லயே கேட் வெச்சுக்கலாங்க" என்றார்.