முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விற்பவர் விலகிவிடலாமா?

வீடு, மனை விற்க ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விற்பவர் விலகிக்கொள்ளலாம் என்று பலர் எழுதுகிறார்கள். பொதுவாக அப்படி முடியாதுங்க.

வாங்குபவர் மீதிப் பணத்தோடு தயாராக இருக்கும்போது விற்பவர் மட்டும் பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல். ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், பேசியபடியே கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒவ்வொரு மனையும் தனித்தன்மை உடையது, பணம் அதற்கு முழு ஈடாகாது என்பதுதான் அந்த மரபின் பார்வை. அந்த உத்தரவு கிடைக்காவிட்டாலும் நஷ்டஈடு கேட்க வழி உண்டு. விலை ஏறிவிட்டது என்பது மட்டும் விலகுவதற்குக் காரணம் ஆகாது.

நீங்களே சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து, மீறல், ரத்து பற்றிய பத்திகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இன்ன தொகையைக் கொடுத்து விற்பவர் விலகலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால் விஷயம் வேறு; சில ஒப்பந்தங்களில் அப்படி இருக்கும். அப்புறம் உங்கள் நாட்டின் ஒப்பந்தச் சட்டத்தை அரசுத் தளத்தில் பாருங்கள்.

தயவுசெய்து, வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ரத்துக்கு நீங்களும் சம்மதித்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட அதுவே போதும்.