ரெச்சாவ் கடையில் உணவுக்கே முதலிடம்

சுடச்சுட வறுத்த உணவும் பீரும் பரிமாறும் தைவானின் ‘ரெச்சாவ்’ கடைகளில் உணவு என்பது பீருக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள் மட்டுமே என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘சூடான வறுவல்’ என்பதே அப்பெயரின் பொருள். அங்கே ‘மூன்று கோப்பைக் கோழி’ என்னும் உணவைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வறுத்த எள்ளின் எண்ணெயில் இஞ்சி வில்லைகளை ஓரம் சுருளும்வரை வதக்கி, கோழித் துண்டுகளைச் சேர்த்து, சோயா சாறும் அரிசி மதுவும் ஊற்றி, எல்லாம் சுண்டிப் பளபளக்கும் வேளையில், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேயான இலையைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அந்த மணத்தைத் தொடுகறி என்று எப்படிச் சொல்வது?

பீர் அருந்தும் முறையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 600 மில்லி புட்டியைப் பலரும் பகிர்ந்து, இரண்டு மூன்று மிடறே கொள்ளும் சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக்கொள்கிறார்கள். தனியாகக் குடிக்காமல், எதிரில் இருப்பவரை நோக்கிக் குவளையை உயர்த்திய பிறகே அருந்துகிறார்கள். தயாரித்த 18 நாட்களுக்குள் விற்றாக வேண்டிய ‘18 நாள்’ பீர் இக்கடைகளில் பெரிதும் விரும்பப்படுகிறது. கட்டுரை விட்டுவிட்ட முக்கியச் செய்தி ஒன்றும் உண்டு: 2002இல் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேரும்வரை அங்கு மது தயாரிப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. ‘தைவான் பீர்’ இன்றும் பல மேசைகளில் இயல்பாக இடம்பெறுவதற்கு அந்த நீண்டகாலப் பழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.