எவ்வளவு வாங்குவது என்பதை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள்?

வீட்டுக்குச் சாமான் வாங்கும் முறை நம் சிறுவயதுக்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. அந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கடைகள் பெரிதானதையும், பொருட்கள் வகைவகையாய்ப் பெருகியதையும், கேட்ட பொருள் வாசலுக்கே வந்து சேரும் வேகத்தையும்தான் நாம் சொல்கிறோம். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது அளவு பற்றிய மாற்றம். ஒரு பொருளை எவ்வளவு வாங்குவது என்பதை அன்று வீடு முடிவு செய்தது. இன்று அதைப் பெரும்பாலும் பாக்கெட்டைத் தயாரிப்பவரே முடிவு செய்துவிடுகிறார்.

சாமான் சீட்டு எழுதுவதற்கு முன் அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மிச்சம் இருப்பதைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, எது எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடுவார். சீட்டில் பொருளின் பெயருக்கு எதிரே அளவு இருக்கும். கம்பெனியின் பெயர் அபூர்வமாகத்தான் இருக்கும். கடையில் தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை கடைக்காரர் ஒரு கை போடுவார், ஒரு சிட்டிகை எடுப்பார். முள் நிற்பதற்குள் தட்டைத் தூக்கிவிடுகிறாரா என்று கவனிப்பதும், மீதிச் சில்லறையை அங்கேயே எண்ணி வாங்குவதும் கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் பொறுப்பு. எடை, விலை, மீதி மூன்றையும் ஒரு சிறுவனோ சிறுமியோ மனக்கணக்காகச் சரிபார்க்க முடிந்தது, ஏனென்றால் எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடந்தன.

அந்தக் காலம் முழுவதும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எடையில் குறைத்தவர்கள் இருந்தார்கள். ஆளைப் பார்த்து விலை சொன்னவர்கள் இருந்தார்கள். கடன் நோட்டில் எழுதப்பட்ட தொகையை மறுத்துப் பேச முடியாமல், அடுத்த மாதமும் அதே கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் இருந்த குடும்பங்கள் ஏராளம். கௌரவமான தோற்றம் உள்ளவருக்கு முதலில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மற்றவரைக் காக்க வைத்ததும் உண்டு. விலை எழுதி வைத்த அலமாரியிலிருந்து யாருடைய முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது அத்தகையவர்களுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

வாங்குபவரே எடுத்துக்கொள்ளும் இந்த முறையை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தம்முடைய பிக்லி விக்லி கடையில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். வாங்குபவர் எல்லா அலமாரிகளையும் கடந்த பிறகே பணம் செலுத்தும் இடத்துக்கு வந்து சேரும்படி அந்தக் கடையின் வழி அமைக்கப்பட்டிருந்தது. அதாவது, கேட்க வந்த பொருளோடு கேட்க நினைக்காத பொருளும் கண்ணில் பட வேண்டும். பிறகு 1937இல் ஓக்லஹோமா நகரத்துக் கடை முதலாளி சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கைக்கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். கை வலித்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வது இயல்பான ஒரு வரம்பு. சக்கரம் வந்ததும் அது போய்விட்டது.

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட் பார்கோடு வழியாக விற்பனையானது. இன்று உலகெங்கும் பில் போடும் இடத்தில் கேட்கும் ‘பீப்’ ஒலியின் தொடக்கம் அதுதான். ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டும் தேவை குறைந்து, விலை மெல்ல மெல்லக் கணினிக்குள் போனது. வரிசை வேகமாக நகர்ந்தது நல்லதுதான். ஆனால் எடை உறைக்குள்ளும் விலை கணினிக்குள்ளும் போன பிறகு, வாங்குபவர் சரிபார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

இதனால் வரும் இழப்பை ஒரு சோப்புக் கட்டியில் பார்க்கலாம். உறையின் நிறமும் நீள அகலமும் விலையும் பழையபடியே இருக்கும். பிரித்துப் பார்த்தால் கட்டியின் அடிப்பக்கம் உள்வாங்கியிருக்கும், நிகர எடை என்ற சிறிய எழுத்தில் 200 கிராம் 180 ஆகியிருக்கும். எடை பத்து சதவீதம் குறைந்தால், விலை மாறாதபோதும் ஒரு கிராமுக்கு நாம் கொடுப்பது ஏறக்குறைய பதினொரு சதவீதம் உயர்ந்துவிடுகிறது. தராசு முன்னால் நின்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்கக்கூடிய இந்த விஷயம், படித்து வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் பல மாதங்களாகத் தெரியாமல் போகிறது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் இதே வகைதான். வகுத்துப் பார்த்தால் சில சமயம் சின்னதே மலிவாக இருக்கும். எத்தனை பேர் கடையில் நின்று வகுத்துப் பார்க்கிறோம்?

மக்கள் வகுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்ய முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 1998லேயே கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. 2024 ஜூலை முதல் பிரான்சில், விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்த பொருள்களுக்கு அருகில் பெரிய கடைகள் அதை அறிவித்து எழுதி வைக்க வேண்டும். தராசு முள் செய்த வேலையை இப்படிப்பட்ட விதிகள் ஓரளவு திருப்பித் தருகின்றன என்பதால்தான் இவற்றை முக்கியமாகக் கருதுகிறேன்.

இனி கைபேசிக்கு வருகிறேன். 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் ஜேன் ஸ்நோபால் என்ற 72 வயது மூதாட்டி, தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே ஒரு பேரங்காடியில் வீட்டுச் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மைக்கேல் ஆல்ட்ரிச் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக் கொண்டு, வெளியே போக முடியாத முதியோருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நடக்க இயலாதவருக்கும் நோயாளியைத் தனியே விட்டு நகர முடியாதவருக்கும் இன்றும் இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் நடக்க முடிந்த நாமும் அதே வழிக்கு வந்துவிட்டோம். டெலிவரிக் கட்டணம் தவிர்க்க இன்னும் இவ்வளவு தொகைக்கு வாங்குங்கள் என்று திரை சொல்கிறது. தேவையில்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். தீர்ந்துபோனது நினைவுக்கு வந்த நிமிடமே தனித்தனியாக ஆர்டர் செய்வதால், வீட்டில் எது எவ்வளவு செலவாகிறது என்ற மொத்தக் கணக்கு யார் மனதிலும் தங்குவதில்லை. அந்தக் கணக்கு நிறுவனத்திடம் மட்டும் துல்லியமாக இருக்கிறது. எது தீரப்போகிறது என்பதை நமக்கு முன்பே அறிந்து, ‘மீண்டும் வாங்குங்கள்’ என்று அது நினைவூட்டுகிறது.

பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பணம் கை மாறுவதையும், எடை போடுவதையும், இந்த வாரம் இது வேண்டாம் என்று பெரியவர்கள் ஒரு பொருளைத் தள்ளி வைப்பதையும் அவர்கள் பார்ப்பதே இல்லை. மணி அடித்தால் பை வந்து நிற்கிறது. ஒரு லிட்டர் என்றால் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால் பதின்வயதுப் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு அது தெரியும்படியான வேலையை நாம் கொடுத்ததில்லை. ஆகவே ஆர்டர் போடும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள், முதலில் பிள்ளைகளை டப்பாக்களைத் திறந்து பார்த்துச் சீட்டு எழுதச் சொல்லலாம். திரையில் இரண்டு பாக்கெட்டுகளைக் காட்டி, நூறு கிராமுக்கு எது மலிவு என்று வகுத்துச் சொல்லச் சொல்லலாம். விலை குறைந்தது முதலில் வரும்படி வரிசைப்படுத்த செயலிகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது. கிலோ விலைப்படியும் வரிசைப்படுத்தும் வசதியை, அளவு குறைந்திருந்தால் பழைய அளவையும் அருகிலேயே காட்டும் ஏற்பாட்டோடு சேர்த்து, எல்லாச் செயலிகளுக்கும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.