அரபு, யூதக் குழந்தைகள் ஒரே பள்ளியில் படிக்கச் சட்டத் தடை இல்லை

இஸ்ரேலில் அரபுக் குழந்தைகளும் யூதக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிப்பதைச் சட்டம் தடுக்கிறது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை, நண்பரே.

உங்களுக்கு அந்த எண்ணம் ஏன் வந்தது என்பது புரிகிறது. அங்கே அரசுப் பள்ளிகள் எபிரேய வழி, அரபு வழி எனப் பிரிந்தே இயங்குகின்றன. மிகப் பெரும்பாலான குழந்தைகள் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள். எனக்கும் அது வருத்தமே. ஆனால் அது நடைமுறை, தடை அல்ல.

ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையே இரு சமூகத்தாரும் சேர்ந்து வாழும் ஓர் ஊர் இருக்கிறது. எபிரேயத்தில் நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அல்-சலாம். இரண்டுக்கும் சமாதானச் சோலை என்றே பொருள். அங்கே 1984 முதல் இருமொழித் தொடக்கப்பள்ளி நடக்கிறது. இதுபோன்ற இருமொழிப் பள்ளிகளை நடத்தும் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' அமைப்பு ஜெருசலேமில் 1998இல் தொடங்கிய பள்ளியில், கீழ் வகுப்புகளில் அரபு ஆசிரியர் ஒருவரும் யூத ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து பாடம் நடத்துகிறார்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். அந்த அமைப்பின் இணையதளத்தில் பள்ளிகளின் பட்டியல் ஊர்வாரியாக இருக்கிறது. 2014 நவம்பர் இறுதி நாளேடுகளையும் தேடிப் பாருங்கள். ஜெருசலேம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறைக்குத் தீவிரவாதிகள் தீ வைத்த செய்தி, கரிந்த சுவர்களின் படத்தோடு கிடைக்கும். அந்த அறையில் படித்தவர்கள் இரு சமூகத்துப் பிள்ளைகளும்தான்.